லீவு இல்லாத பொங்கல்!

சிங்கப்பூரில் பொங்கலுக்குத் தெரு உண்டு, விளக்கு உண்டு, மேடை உண்டு. நாள்காட்டியில் மட்டும் இடம் இல்லை.

மார்கழியின் கடைசி மாலை. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே கட்டுக்கட்டாகக் கரும்பு. பக்கத்தில் வேரில் ஈரமண் ஒட்டிய மஞ்சள் கொத்துகள், அடுக்கிவைத்த மண்பானைகள், மாவிலைக் கட்டுகள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க ஒருவர் கரும்பு பார்க்கிறார். முழுக் கரும்போடு எம்ஆர்டி ரயிலில் ஏறினால் எதிரே நிற்பவர் கண்ணைக் குத்தும். அடுக்குமாடி லிஃப்டிலோ நிறுத்தவே முடியாது. “அண்ணே, மூணாப் போட்டுக் குடுங்க” என்கிறார். கடைக்காரருக்கு இது பழகிய கோரிக்கை. சீவு சீவென்று வெட்டி, பழைய நாளிதழில் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டுகிறார். வாங்கியவர் இரண்டடி நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்து, வெட்டிப்போட்ட தோகையையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தோகை இல்லாமல் கரும்பைப் படைத்தால் ஊரில் அம்மா வீடியோ காலில் கேள்வி கேட்பார்.

சிராங்கூன் சாலை நெடுக அலங்கார விளக்குகள். அதன் கீழே, கட்டுமானத் தளத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தங்கும் விடுதிக்குத் திரும்பும் லாரி ஒன்று சிக்னலில் நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கரும்பைப் பார்க்கிறார்கள். பச்சை விழுந்ததும் லாரி போய்விடுகிறது.

கரும்பு வாங்கியவருக்கும் லாரியில் போனவர்களுக்கும் நாளை ஒரே செய்திதான்: வேலை நாள். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாட்டில், தமிழரின் பெருநாளுக்கு விடுமுறை கிடையாது. இதற்காக யாரும் பண்டிகையை விட்டுவிடவில்லை. ஆனால் லீவு இல்லாத அந்த ஒரு நாள், பொங்கலின் நேரத்தையும் இடத்தையும் ஆட்களையும் மாற்றிப் போட்டிருக்கிறது.

சூரியன் வருமுன் சூரியப் பொங்கல்

தை பிறக்கும் சமயத்தில் சிங்கப்பூரில் சூரியன் உதிப்பது காலை 7.10 வாக்கில். மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக 1982 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்திருக்கும் நாடு இது. அதனால் விடியல் தாமதம். பள்ளிகளோ ஏழரைக்கே தொடங்கிவிடும். பிள்ளைகள் பஸ் ஏறும்போது வெளியே இருட்டாகத்தான் இருக்கும்.

ஆகவே வீட்டுக்காரர்கள் முன்னால் இரண்டு வழிகள். சூரியனுக்காகக் காத்திருந்தால் பானை பொங்கும்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பிள்ளைகள் பார்க்கவேண்டுமென்றால் ஐந்தரை, ஆறு மணிக்கே பால் பொங்கிவிட வேண்டும். பல வீடுகள் இரண்டாவது வழியைத்தான் எடுக்கின்றன. சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்துமுடிகிறது.

அடுப்படிக்குள் போனால் அடுத்த சிக்கல். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானையும் சூடாகாது, பித்தளைப் பானையும் சூடாகாது. அதனால் எவர்சில்வர் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொத்து ஏறுகிறது. கேஸ் அடுப்பு என்றால் வேறு தொல்லை: பால் வழிந்தால்தான் பொங்கல், வழிந்தால் பர்னர் அணையும். அடியில் ஒரு பெரிய தட்டை வைத்து, பால் நுரைத்து விளிம்பைத் தொட்டு இரண்டு கோடாக இறங்கியதும் தீயைக் குறைப்பதற்கென்றே ஒருவர் நிற்கிறார். “பொங்கலோ பொங்கல்!” சத்தமாக வராது. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விறகு, ஓலை, புகை எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. குடியிருப்போரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக என்னும் அரசு அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். தீயணைப்பு விதிப்படி பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்கவேண்டும். 2018 ஜூனுக்குப் பிறகு வந்த புது வீடுகளில் புகை கண்டால் அலறும் கருவி கட்டாயம். போகியன்று பழையதை எரிப்பதும் அப்படித்தான். பழைய மெத்தையைத் தூக்கிப்போக டவுன் கவுன்சிலுக்கு போன் போட்டுச் சொல்வதுதான் இங்கே போகி.

ஊரோடு பேசுவதிலும் இரண்டரை மணி நேர இடைவெளி குறுக்கே நிற்கிறது. இங்கே ஆறு மணிக்குப் பால் பொங்கும்போது மன்னார்குடியில் அதிகாலை மூன்றரை. அங்கே எட்டு மணிக்கு வாசலில் பானை பொங்கும்போது இங்கே பத்தரை மணி மீட்டிங். மேஜைக்குக் கீழே போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு பொங்கல் பார்ப்பவர்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் உண்டு.

▣ தீவும் நாளும்
• பரப்பு: சுமார் 735 சதுர கி.மீ. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருப்பதால் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட சமம். உத்தராயணம் என்று பகல் நீள்வது கண்ணுக்கே தெரியாது.
• தமிழ்நாட்டில் மழை ஓய்ந்த பிறகு வருவது பொங்கல். இங்கே வடகிழக்குப் பருவமழை டிசம்பர், ஜனவரியில் வலுக்கும். பொங்கல் நட்ட நடு மழையில் வருகிறது.
• ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம்.
• பொது விடுமுறைகள் 11. அவற்றில் இந்துப் பண்டிகை தீபாவளி ஒன்றுதான்.
• இன்னொரு தீவான இலங்கையில் தைப்பொங்கல் பொது விடுமுறை. மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் விடுமுறை.

சுண்ணாம்புச் சூளையிலிருந்து தமிழர் திருநாள் வரை

1819-ல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார். 1827-ல் மாரியம்மன் கோயிலுக்கு அடிக்கல் இட்டார். இன்றைய லிட்டில் இந்தியா அப்போது சுண்ணாம்புச் சூளைகளும் மாட்டுத் தொழுவங்களும் நிறைந்த சதுப்பு நிலம். சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே ஒரு காலத்தில் அழைத்தார்கள். பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் அந்த எருமைகள் விட்டுச்சென்ற பெயர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரம் பெருக, மாடுகள் வெளியேறின, கடைகள் நிலைத்தன.

பொங்கலை இங்கே வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தவர் கோ. சாரங்கபாணி. திருவாரூர்க்காரர், 1935-ல் ‘தமிழ் முரசு’ தொடங்கியவர். பெரியார் 1929-ன் இறுதியில் மலாயா, சிங்கப்பூர் வந்துபோன பிறகு வேர்பிடித்த சீர்திருத்த இயக்கத்தின் முக்கியக் குரல். 1950-களின் தொடக்கத்தில் அவர் முன்னின்று நடத்திய ‘தமிழர் திருநாள்’ தைப்பொங்கலை ஒட்டியே வந்தது. சாதி, மதம் பார்க்காமல் எல்லாத் தமிழரும் ஒரு பந்தலில் கூடவேண்டும் என்பது நோக்கம். இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் சேர்ந்து நிற்கக்கூடிய பண்டிகையாகப் பொங்கலை அவர் பார்த்தார்.

1968-ல் பிரிட்டிஷ் படை வெளியேறும் நெருக்கடியில், தொழில் போட்டிக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று பொது விடுமுறைகள் வெட்டப்பட்டன. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டுக்கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்களையும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளையும் விட்டுக்கொடுத்தார்கள். இந்துக்கள் தீபாவளியா தைப்பூசமா என்ற தேர்வில் தீபாவளியை வைத்துக்கொண்டார்கள். மதவாரியாகப் பங்கிட்ட அந்தப் பட்டியலில், மதம் தாண்டிய பொங்கலுக்கு வரிசையே இல்லாமல் போனது.

மாடு பார்க்க வந்த கூட்டம்

வீட்டுக்குள் சுருங்கிய பண்டிகை, தெருவில் பெருத்திருக்கிறது. லிட்டில் இந்தியா வர்த்தகர் சங்கமான லிஷா ஆண்டுதோறும் பொங்கல் சந்தை, விளக்கலங்காரம், கலை நிகழ்ச்சி என்று ஏற்பாடு செய்கிறது. மாட்டுப் பொங்கலையொட்டி, தீவின் வடமேற்கில் லிம் சூ காங் பகுதியிலுள்ள பால்பண்ணையிலிருந்து மாடுகளும் கன்றுகளும் ஆடுகளும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வந்த ஆண்டுகள் உண்டு. தடுப்புக்குள் வைக்கோல் பரப்பி, கொம்புக்கு வண்ணம் பூசி, நெற்றியில் பொட்டு வைத்து நிற்கும் மாட்டைச் சுற்றி மாலைக் கூட்டம். தமிழ்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், படம் எடுக்கும் சுற்றுலாப் பயணிகள். புத்தகத்தில் மட்டுமே மாட்டைப் பார்த்த பிள்ளை முதல் தடவை அதன் மூச்சைக் கையில் உணர்ந்து பின்வாங்குவதை அங்கே காணலாம்.

கேம்பல் லேனிலேயே 2015-ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் பொங்கல் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. வட்டாரங்களில் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் பொங்கல் விழா எடுக்கின்றன. சீன, மலாய் அண்டைவீட்டாரும் சேலை கட்டி, பானை வைத்துப் போட்டியில் இறங்குவார்கள்.

ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே பார்க்கும் பண்டிகையை இங்கே நாடே பார்க்கிறது. இந்த மரியாதை சாதாரணமானதல்ல. புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு எல்லா நாட்டிலும் இது வாய்ப்பதில்லை. ஆனால் இந்த விழாக்கள் பெரும்பாலும் நடப்பது சனி, ஞாயிறுகளில். அங்கேதான் கதை திரும்புகிறது.

ஒரே பொங்கல், மூன்று தேதி

தை முதல் நாள் 2023-ல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. 2024-ல் திங்கள், 2025-ல் செவ்வாய். ஞாயிறன்று வந்தால் எல்லோருக்கும் ஒரே பொங்கல். மற்ற ஆண்டுகளில் பண்டிகை மூன்றாகப் பிரிகிறது: தை முதல் நாள் அதிகாலை அடுப்படிப் பொங்கல், வார இறுதியில் சமூக மன்றப் பொங்கல், ஓய்வுநாள் எப்போது வாய்க்கிறதோ அப்போது தொழிலாளர் பொங்கல். மூன்றுக்கும் வருகிறவர்கள் வேறு வேறு. தமிழரை ஒரே பந்தலில் கூட்டத் தொடங்கிய திருநாளில், இன்று ஒரு பந்தலுக்காரர் இன்னொரு பந்தலுக்காரரைச் சந்திப்பதில்லை.

காணும் பொங்கல்தான் இதில் முழுதாகக் காணாமல் போனது. யார் வீட்டுக்கு யார் போவது, எந்த நாளில்? வார இறுதியில் டியூஷன் முடித்து, சந்தைக்குப் போய், மாலையில் இரண்டு குடும்பம் சந்தித்தால் அதுவே பெரிது.

பாஸ் சொல்லும் பொங்கல்

கையிலுள்ள அனுமதி அட்டையின் வகைதான் இங்கே ஒருவரின் பொங்கலைத் தீர்மானிக்கிறது.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களின் நிரந்தர மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டால் மனைவி, பிள்ளைகளை அழைத்துவரலாம். அப்பா அம்மாவை நீண்டகால விசாவில் அழைத்துவர 12,000 வெள்ளி வேண்டும். ஆகவே பொங்கல் எப்படி வைப்பது என்று சொல்லித்தரும் பாட்டி வீட்டில் இருப்பதும் இல்லாததும் சம்பளச் சீட்டைப் பொறுத்தது. இல்லாத வீட்டில் யூடியூப் சொல்லித்தருகிறது.

கட்டுமானம், கப்பல் பட்டறைகளில் உழைக்கும் வொர்க் பெர்மிட் தொழிலாளருக்குக் குடும்பத்தை அழைத்துவரும் உரிமையே இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இவர்களில் ஏராளம். வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் ஆண்டில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 7 நாள். ஆண்டுக்கு ஒன்று கூடி 14 வரை போகும். ஊருக்குப் போய் வரச் சேர்த்துவைக்கும் அந்த விடுப்பில் ஒன்றை எடுத்து, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பொங்கல் கொண்டாட யாருக்கு மனம் வரும்? வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

விடுதியில் பலரும் மாதக் கணக்கில் காசு கட்டிப் பொட்டலச் சாப்பாடு வாங்குகிறவர்கள். விடியற்காலையில் கட்டிய பொட்டலம் மதியம்தான் பிரியும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் சேர்ந்து வந்தால் உண்டு. இவர்களுக்குப் பொங்கல் என்பது பெரும்பாலும் ஊருக்கு அனுப்பும் பணம்தான்: வீட்டுக்குப் புதுத்துணி, தங்கைக்குச் சீர், அப்பாவுக்கு மாட்டுக் கயிறு. ஊரில் பொங்கல் பெரிதாக நடக்கவேண்டும் என்பதற்காக இங்கே பொங்கல் இல்லாமல் இருப்பவர்கள் இவர்கள்.

ஞாயிறன்று தேக்காவில் கூடுவது ஒன்றுதான் இவர்களுக்கு வாரம் முழுவதற்குமான ஊர்த்தெரு. 2013 டிசம்பரில் ஒரு தமிழகத் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டது. அதற்குப் பிறகு அங்கே மது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. கொரோனா வந்தபோது விடுதிகளில் சுமார் மூன்று லட்சத்து இருபதாயிரம் பேர் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் அடைக்கப்பட்ட கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 2021 பொங்கலன்று ஊரடங்கு தளர்ந்து மற்றவர்கள் கடைத்தெருவில் நடமாட, விடுதிவாசிகள் வேலைத்தளம், விடுதி, பொழுதுபோக்கு மையம் என்ற முக்கோணத்துக்குள் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில்தான், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குப் போய்வரச் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது.

இப்போது பொழுதுபோக்கு மையங்களிலும் விடுதிகளிலும் பண்டிகை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. தொண்டமைப்புகள் இனிப்பும் பரிசும் கொடுக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அது அவர்களுக்காக நடத்தப்படும் விழா. தன் கையால் அரிசி களைந்து போட்டுத் தன் பெயரில் பொங்க வைப்பது வேறு.

வீட்டு வேலை செய்யும் பணிப்பெண்களின் நிலை இன்னும் நுணுக்கமானது. வேலைவாய்ப்புச் சட்டமே இவர்களுக்குப் பொருந்தாது. வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள் விதி 2013-ல் வந்தது; அதில் மாதம் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023-ல் வந்தது. தமிழ் வீடுகளில் வேலைசெய்யும் தமிழ்ப் பெண்ணே பல சமயம் அந்த வீட்டுப் பொங்கலை வைப்பவர். பானையை இறக்கியபிறகு அவர் தன் வீட்டுக்கு போன் பேச எப்போது நேரம் கிடைக்கும் என்பது வீட்டுக்கார அம்மாவைப் பொறுத்தது.

▣ பச்சரிசிக்கு வந்த பதற்றம்
• சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022-ல் அரிசி இறக்குமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்தது.
• 2023 ஜூலை 20: பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. பொங்கல் பச்சரிசி இந்த வகைதான். அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி.
• ஆகஸ்ட் இறுதியில் நட்பு நாடுகளுக்கு விலக்கு: சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரீஷியஸுக்கு 14,000 டன்.
• 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. இடையில் வந்த 2024 பொங்கலுக்கு இந்திய வெள்ளை அரிசி அந்தச் சிறப்பு அனுமதியில்தான் வரமுடிந்தது.

பாடமாகிப்போன பண்டிகை

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 சதவீதம். பத்தாண்டுக்கு முன் இது 3.3 சதவீதம். பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கட்டாயத் தாய்மொழிப் பாடம். ஆனால் வீட்டில் ஆங்கிலம் முந்திக்கொண்டிருக்கிறது.

இந்தச் சூழலில் பொங்கல் பல பிள்ளைகளுக்கு ஒரு பாடம். பள்ளி ஏற்பாட்டில் லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நடை, பானை பொங்குவதைப் பார்த்து ஒரு படம், பயிற்சித்தாளில் பத்து வரி. நான்கு நாளின் பெயரையும் வரிசை பிசகாமல் சொல்லும் பிள்ளைக்கு, வீட்டில் அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. அதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவர்தான் இருப்பதைக் காப்பாற்றுகிறார். ஆனால் கரும்பைக் கடித்து உதடு கிழிந்த அனுபவத்தைப் பயிற்சித்தாள் தராது. அதற்கு வீட்டில் ஒரு சாவகாசமான காலை வேண்டும்.

அந்தக் காலைக்காக ஒரு நாள் விடுப்புப் போடும் பெற்றோரும் உண்டு. பிள்ளைக்குப் பள்ளியில் லீவு கிடைக்காது என்பதால், அப்பா அம்மா மட்டும் வீட்டில் உட்கார்ந்து, மதியம் பிள்ளை வந்தபிறகு இலை போடுகிறார்கள். முறைப்படி நேரம் கடந்துவிட்டது. ஆனால் இலையைச் சுற்றி எல்லோரும் இருக்கிறார்கள்.

மாற்றிக்கொள்ளச் சட்டம் உண்டு

பொங்கலுக்கும் பொது விடுமுறை கேட்டால் என்ன? தைப்பூசத்துக்கு விடுமுறை வேண்டும் என்ற கோரிக்கைக்கு 2015-ல் அரசு சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு சமூகத்துக்குக் கூட்டினால் மற்றவர்களும் கேட்பார்கள். 1968-ல் எல்லோரும் விட்டுக்கொடுத்துச் செய்த கணக்கைத் திறக்க யாரும் தயாரில்லை. பன்னிரண்டாவது விடுமுறை இப்போதைக்கு வரப்போவதில்லை.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளியும் ஊழியரும் ஒப்புக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். தான் கொண்டாடாத ஒரு விடுமுறையில் வேலை பார்த்துவிட்டு, தை முதல் நாளைச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருப்பவர் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் முடிந்தது.

கட்டுமானத் தொழிலாளிக்கு அவ்வளவு சுலபமல்ல. அவருடைய பெர்மிட்டே முதலாளியின் பெயரில் ஓடுகிறது, கேட்கத் தயங்குவார். தவிர, மற்றவர்கள் விடுமுறையில் இருக்கும்போது பூட்டிய தளத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்யவும் முடியாது. மாற்றினால் ஒரு குழுவே சேர்ந்து மாறவேண்டும். அதைத் தொழிலாளி தனியாகக் கேட்க முடியாது. அமைப்புகள் கேட்கலாம். விளக்குத் தோரணத்துக்கும் மேடைக்கும் ஆதரவாளர் தேடி நிறுவனப் படியேறும் சங்கங்கள், அதே படியில் இன்னொரு கோரிக்கையையும் வைக்கலாம்: உங்கள் தமிழ்த் தொழிலாளர் குழுவுக்கு ஒரு விடுமுறையைத் தைக்கு மாற்றிக் கொடுங்கள், அரிசியும் பானையும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

அதற்கு நிறுவனத்துக்கு ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகச் செலவாகாது. விடுமுறைகளின் எண்ணிக்கையும் பதினொன்றைத் தாண்டாது.